கால் கீறல் சிவந்து வீங்கினால் மருந்து போடலாமா?

மும்பை சயானில் முழங்கால் அளவு மழைத் தண்ணீரில் நடந்து வந்தபோது கணுக்காலில் கீறிவிட்டது, நேற்றிலிருந்து சிவந்து சூடாக வீங்கியிருக்கிறது, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாகப் போடாதீர்கள்.

வீங்கினாலே கிருமி ஜெயித்துவிட்டது என்று அர்த்தமில்லை. தோல் கிழிந்ததும் அங்கேயே இருக்கும் மாஸ்ட் செல்கள் என்கிற காவல் செல்கள் ஹிஸ்டமின் என்கிற ரசாயனத்தை வெளியிடும், ரத்தக்குழாய் விரியும், அதனால்தான் சிவப்பும் சூடும். அப்புறம் குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம், அந்தச் சுவர் வழியாகவே நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் சில மணி நேரத்திலேயே வந்து கிருமிகளை விழுங்கிவிட்டுச் சாகின்றன. சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் நிறைய இருப்பது இவைதான்.

ஆனால் இது எல்லை மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்புக் கோடு காலில் மேலேறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

உண்மையில் எனக்குக் கவலை வீக்கம் பற்றி இல்லை, அந்தத் தண்ணீர் பற்றித்தான். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் புண்ணோடு நடந்தால் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரலாம், அது புண்ணைச் சிவக்க வைக்காமலே உள்ளே போய்விடும். தண்ணீரில் நடந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து, அதைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள் என்றுதான் மும்பை மாநகராட்சியும் மழைக்காலத்தில் சொல்கிறது. டெட்டனஸ் ஊசியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.