ஐபோன் 4: இடது கையில் பிடித்தால் சிக்னல் போவது

சிம்மை இனி மாற்றிப் பயனில்லை, ரப்பர் கேஸ் ஒன்று போடுங்கள். இடது கையில் எடுத்ததும் நாலு சிக்னல் கோடு ஒன்றாகி அழைப்பு துண்டாகிறது என்கிறீர்களே, அது வடிவமைப்புக் கோளாறு.

போனைச் சுற்றியுள்ள ஸ்டீல் பட்டைதான் ஆன்டெனா. இடது ஓரத்தில், கீழ் மூலைக்குச் சற்று மேலே மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். வைஃபை ஆன்டெனாவையும் செல் ஆன்டெனாவையும் பிரிக்கும் இடைவெளி அது. உள்ளங்கை பட்டால் இரண்டும் சேர்ந்து சிக்னல் விழும்.

சோதிக்க, போனை மேசையில் வைத்து அந்தக் கோட்டின்மேல் மட்டும் விரலை வைத்து அரை நிமிடம் பாருங்கள். சிக்னல் கோடுகள் குறைந்தால் கோளாறு இதுதான். அப்புறம் அங்கே தடித்த டேப் ஒட்டிவிட்டு மறுபடி தொடுங்கள்; சிக்னல் விழாவிட்டால் கேஸ் உதவும்.

ஆப்பிள் வெளியிட்ட 4.0.1 மென்பொருள் அப்டேட்டை நம்ப வேண்டாம். அது சிக்னல் கோடு காட்டும் கணக்கைத்தான் திருத்தியது. டவர் எட்டாத இடத்தில் கேஸும் பெரிதாக உதவாது.

2010 ஜூலை 16 அன்று ஆப்பிளே கேஸை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை வாங்கிய போன்களுக்கு அந்தச் சலுகை இருந்தது. முழு விலை கொடுத்தவரிடம் போனைப் பிடிக்கும் விதத்தை மாற்றச் சொல்வது நியாயமே இல்லை.