அக்கா பட்டதை நானும் படணுமா?

கேள்வி: வயது 26. திருமங்கலம் பக்கத்துக் கிராமம். தலைப்பிள்ளை, இப்போது 31 வாரம். போன வருடம் அக்கா பிரசவத்துக்கு நான்தான் துணைக்குப் போனேன். என்னைப் பிரசவ அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அக்கா கத்தியதும், “இப்பக் கத்துறியே, அப்பத் தெரியலையா” என்று ஒருவர் வைததும் வெளியே கேட்டது. வயிற்றை ஆள் வைத்து அமுக்கினார்கள், தொடையில் அடித்தார்கள் என்று அக்கா பிறகு சொன்னாள். பிள்ளை நன்றாக இருக்கிறான். ஆனால் எனக்கு வளைகாப்பு முடிந்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றேன். கணவர் சரி என்கிறார். மாமியார், “நான் நாலு பெத்தேன், ஒரு தையல் போட்டதில்ல” என்கிறார். நான் காட்டும் தனியார் டாக்டரோ, “தாராளமா, நல்ல நாள் பாத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். ஜோசியர் குறித்த நாள் 37ஆவது வாரத்தில் வருகிறது. நான் செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம்

பதில்: தப்பில்லை தாயி. ஆனால் ஜோசியர் குறித்துக் கொடுத்த அந்த நாளை முதல் வேலையாக அடித்துவிடுங்கள். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், நாள் குறித்துச் செய்யும் சிசேரியனை 39 வாரம் முடிவதற்கு முன்னால் வைக்கக் கூடாது. வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளையின் நுரையீரலில் நீர் இருக்கும். வலி எடுக்கும்போதுதான் அது வேகமாக வற்றும். வலியே வராமல் 37இல் எடுத்தால் சில பிள்ளைகள் முனகி முனகி மூச்சு வாங்கும். அப்புறம் நீங்கள் ஒரு மாடியில், பிள்ளை இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள். 39 முடிந்த பிறகு வரும் நாட்களில் ராகுகாலம், எமகண்டம் தள்ளி அவர் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அக்காவின் வலியைவிட அக்காவை நடத்திய விதம்தான் அதிகம் இருக்கிறது. பிள்ளை இறங்குவதற்காக வயிற்றை மேலிருந்து அமுக்குவது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. தொடையில் அடிப்பதற்கும் கேவலமாகப் பேசுவதற்கும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இடமில்லை. “பிரசவம்னா அப்படித்தான்” என்று நம் பெண்கள் இதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு அதுவே கதையாக அடுத்த பிள்ளைத்தாய்ச்சியின் காதுக்குப் போகிறது. நீங்கள் கதவுக்கு வெளியே நின்று காதால் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே நின்று பார்த்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்களோ என்னவோ.

அதனால் ஆட்களைக் கண்டு பயமா, பிரசவத்தைக் கண்டே பயமா என்று பிரித்துப் பாருங்கள். ஆட்களைக் கண்டு என்றால் அதற்கு ஆபரேஷன் மருந்தாகாது. பிரசவ அறையில் வைகிறவர் ஆபரேஷன் வார்டிலும் வைவார். ஆஸ்பத்திரியை மாற்றலாம், உள்ளே கூட நிற்க ஒரு ஆளைக் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பிரசவ அறைக்குள் துணையாக விடலாம் என்று அரசு ஆஸ்பத்திரிகளுக்கே மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017இல் வந்த லக்ஷ்யா திட்டமும் அதை வற்புறுத்துகிறது. கூடவே ஒருவர் இருந்தால் பிரசவ நேரம் சற்றுக் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஒன்று மட்டும்: அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். மகள் முனகினாலே தலையில் அடித்துக்கொண்டு அழுகிற அம்மாக்கள்தான் நம் பக்கம் அதிகம். சித்தியோ மதினியோ, எதற்கும் பதறாத ஆளாகப் பாருங்கள்.

பிரசவத்தைக் கண்டே பயம் என்றால், அதற்கு மருத்துவத்தில் டோக்கோஃபோபியா என்று பெயர் இருக்கிறது. தூக்கம் போவது, கெட்ட கனவு, செக்கப்புக்குப் போகவே கால் வராமல் இருப்பது எல்லாம் அதன் அடையாளம். மனநல ஆலோசனையில் இது நன்றாகத் தணியும். உங்களுக்கு இன்னும் 8, 9 வாரம் இருக்கிறது. மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். அலைய முடியாவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தூக்கம் வராமல் புரளும் நேரத்திலேயே கூப்பிடலாம்.

இரண்டு வழியிலும் என்ன நடக்கும் என்று யாரும் உங்களுக்கு உட்கார்ந்து சொன்னதாகத் தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் வலி ஒரேயடியாக வந்து உட்காராது. சூட்டு வலியாக இருக்கும் என்று வீட்டில் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். நிஜ வலி அதற்கு அடங்காது. பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று நெருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போல இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டுவிடும். அந்த இடைவெளியில் நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், பேசலாம். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகு முழுதாக 10 ஆவதற்கு முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை பிடிக்கலாம். அதன் பிறகு முக்கித் தள்ள 3 மணி நேரம் வரை. கீழே கிழிந்து தையல் போடுவது முதல் பிரசவத்தில் சகஜம். ஆசனவாய்த் தசை வரை கிழிவது சிலருக்கே. இருமினால் சிறுநீர் கசிவது சிலருக்குக் கொஞ்ச காலம் இருக்கும்.

வலிதான் பிரச்சினை என்றால் எபிடியூரல் இருக்கிறது. கீழ்முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவார்கள். இறுக்கம் தெரியும், வலி பெரும்பாலும் அடங்கிவிடும். முக்கும் நேரம் சற்று நீளலாம், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று ஊரில் சொல்வதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. சிசேரியனுக்கும் முதுகில்தான் ஊசி. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆபரேஷனில் நீங்கள் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பீர்கள். கத்தி படுவது தெரியாது. உள்ளே பிடித்து இழுப்பதும், பிள்ளையை வெளியே தள்ள வயிற்றை அழுத்துவதும் தெரியும். உங்கள் அக்காவின் கதையைக் கேட்ட உங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் விடக் கூடாது. குளிர் ஜுரம் மாதிரி உடம்பு உதறலாம். எல்லாம் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வலி அதற்குப் பிறகுதான். முதல் தடவை கட்டிலை விட்டு இறங்குகிறபோது ஒரு கை கம்பியையும் இன்னொரு கை வயிற்றையும் பிடித்துக்கொள்ளும்; தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளத் தோன்றும். 6 வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது. தையலில் சீழ், ரத்தப்போக்கு, காலில் ரத்தம் கட்டுவது எல்லாம் சுகப்பிரசவத்தைவிடச் சற்று அதிகம். ஆனால் வலி எடுத்துப் பாதியில் அவசரமாகச் செய்யும் சிசேரியனைவிட, திட்டமிட்டுச் செய்வதில் சிக்கல் குறைவு. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுகப்பிரசவத்துக்கு என்று போகிறவர்களில் சிலருக்கு அப்படி முடியத்தான் செய்கிறது.

எத்தனை பிள்ளை வேண்டும் என்று கணவரும் நீங்களும் பேசியிருக்கிறீர்களா? நான் எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் கேட்பேன். ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்திக்கொள்வதானால் ஆபரேஷனில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. மூன்று, நான்கு என்றால் கதை வேறு. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே அமைந்து, பழைய தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அப்படி ஒட்டினால் ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயன்றால் 4 பேரில் சுமார் 3 பேருக்கு நடக்கிறது, தழும்பு விட்டுப்போவது 200இல் ஒருவருக்கு. ஆனால் அதற்கு இருந்து பார்க்கிற ஆஸ்பத்திரி நம் பக்கம் எளிதில் கிடைக்காது. முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் இரண்டாவதும் அதுதான் என்று சீட்டில் எழுதிவிடுவார்கள்.

உங்கள் டாக்டர் இரண்டே வார்த்தையில் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 45 சிசேரியன்; தனியாரில் மட்டும் பார்த்தால் 64. இந்த ஊரில் ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்குவது சுலபம், அரை மணி நேரப் பேச்சு வாங்குவதுதான் கஷ்டம். அடுத்த செக்கப்பில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேளுங்கள்: துணையை உள்ளே விடுவீர்களா, ராத்திரி 2 மணிக்கு வந்தாலும் எபிடியூரல் போட மயக்க டாக்டர் இருப்பாரா, காரணம் இல்லாமல் கீழே வெட்டுவீர்களா, வயிற்றை அமுக்குவீர்களா? மழுப்பினால் டாக்டரை மாற்ற 31 வாரம் தாமதமில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் போதும்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். நாலு பெற்றவர் பெருமை பேசத்தான் செய்வார். “டாக்டர் சொல்றபடி செய்யலாம் அம்மா” என்று உங்கள் கணவர் சொல்லட்டும். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்.

என்னைக் கேட்டால், துணையும் எபிடியூரலும் உறுதியாகக் கிடைக்கும் இடமாகப் பார்த்து, ஆலோசனைக்கும் போய்வந்து, 36ஆவது வாரத்தில் மறுபடி யோசியுங்கள் என்பேன். அப்போதும் அந்தக் கதவுச் சத்தம்தான் காதில் கேட்கிறது, தூக்கம் திரும்பவில்லை என்றால் 39 முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். யாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் குறித்த நாளுக்கு முன்பே பனிக்குடம் உடைந்து வலி எடுத்துவிடவும் கூடும். அப்படி நடந்தால் உடனே ஆபரேஷனா, ரொம்பத் தூரம் வந்துவிட்டால் சுகப்பிரசவமே பார்த்துவிடலாமா என்பதை டாக்டரிடம் இப்போதே பேசி, உங்கள் நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.