கை உடைந்திருக்கிறது, பெருவிரல் அடையாளம் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, ஐந்து வாரத்துக்கு முன் ஹெவ்லொக் வீதியில் சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த வான் ஒன்று இடித்தது. தம்பி ஓட்டினான். நான் முன் ஆசனத்தில் பெல்ட் போட்டு இருந்தேன், 14 வயது மகள் பின்னால். என் வலது மணிக்கட்டு முறிந்து, தனியார் வைத்தியசாலையில் தகடு வைத்துப் பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். மகளின் முன்பல் பாதி உடைந்துவிட்டது. நான் வீட்டிலிருந்து சாரி பிளவுஸ் தைப்பவள். இப்போது வருமானம் இல்லை. பொலிஸ் தம்பியிடம் மட்டும்தான் வாக்குமூலம் எடுத்தது. வான் சொந்தக்காரர் பழங்களோடு இரண்டு தடவை வந்து பார்த்தார். 75,000 ரூபா தருகிறேன், ஒரு கடிதத்தில் கையொப்பம் வையுங்கள் என்கிறார். கை ஏலாது என்றதும், இடது பெருவிரல் போதும் என்று மை டப்பாவும் கொண்டுவந்தார். தெரிந்த ஒருவரோ, அதை வாங்காதீர்கள், 15 இலட்சம் எடுத்துத் தருகிறேன், நாலு வெள்ளைத் தாளில் ஒப்பம் மட்டும் தாருங்கள் என்கிறார். என்ன செய்வது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டு பேருக்கும் பெருவிரலை நீட்டாதீர்கள், அம்மா.

முதலில் வான்காரர். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் கொண்டுவந்த கடிதத்தில் என்ன இருக்கும் என்பதை நான் பார்க்காமலே சொல்வேன். ‘முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரி எங்காவது இருக்கும். அந்த ஒரு வரிக்குத்தான் 75,000. உங்கள் கையில் தகடு இருக்கிறது. அது உள்ளேயே இருக்குமா, பிறகு எடுக்க வேண்டுமா, பிளாஸ்டர் கழற்றிய பின் கத்தரிக்கோல் பிடிக்க வருமா என்று இன்றைக்கு உங்கள் வைத்தியருக்கே உறுதியாகத் தெரியாது. நட்டஈட்டு வழக்கில் முழுக் கோரிக்கையையும் ஒரே தடவையில் கேட்க வேண்டும். அடுத்த வருடம் இன்னொரு சத்திரசிகிச்சை வந்தது என்று மறுபடி போக வழியில்லை. கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் அதற்கு விலை பேசுவது, துணியை அளக்காமல் வெட்டுவது மாதிரி. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. அவர் ஏன் தன் கைக்காசைத் தருகிறார்? இந்த நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் வீதிக்கு வர முடியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிற கட்டாயம் அது. அந்தக் காப்புறுதி இருப்பதே உங்களைப் போலக் காயப்பட்டவர்களுக்காகத்தான். நம் ஆட்களில் பலர் ‘தேர்ட் பார்ட்டி’ என்றால் வீதியில் பொலிஸ் மறித்தால் காட்டுகிற ஒரு தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது கோரிக்கை வைக்காதவருக்குக் கம்பனி தரும் கட்டணக் கழிவு, போய்விடுமே என்று பயப்படுகிறார்கள். போனஸ் போனால் போகட்டும், கை உங்களுடையது. அவருடைய கம்பனிக்கு உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். கம்பனியைக் கேட்காமல் பணம் கொடுத்துத் தீர்த்தால் அவருக்கும் அது பிறகு வில்லங்கம்.

இப்போது கலண்டர். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அதற்குள் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 1871இல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இதை ஆள்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது, ஃபைல் ஹெட் ஒஃபிஸில் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் சாரதியின் வழக்கு இன்னும் முடியவில்லை என்ற எதுவுமே இந்த இரண்டு வருடத்தை நிறுத்தாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் என் அறைக்கு வந்தார். ஒரு துணிக்கடைப் பை நிறைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, காப்புறுதிக் கம்பனியின் ஏழு கடிதங்கள். எல்லாம் மரியாதையான கடிதங்கள்: ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ நான் திகதியைப் பார்த்தேன். இரண்டு வருடமும் பதினொரு நாளும். பையை அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை, ‘அவர்கள் பதில் போட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்’ என்றார்.

வழக்கு வான் சாரதிக்கும் சொந்தக்காரருக்கும் எதிராகத்தான். தீர்ப்புக் கிடைத்த பிறகுதான் காப்புறுதிக் கம்பனி பணம் கட்டும். அதற்கும் ஒரு சின்னக் கண்ணி உண்டு: வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ, செய்து ஏழு நாளுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் கம்பனி கையை விரித்துவிடும். இதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். ‘கம்பனிக்கு நோட்டீஸ் போய்விட்டதா, பதிவுத் தபால் துண்டைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் சட்டத்தரணி உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்தது பொலிஸ். இங்கேதான் எனக்குப் பொறுமை போவது. தம்பியின் வாக்குமூலம் காருக்குக் காப்புறுதிப் பணம் எடுக்கப் போதும். உங்கள் கைக்குப் போதாது. நீங்கள் தனியார் வைத்தியசாலைக்குப் போனபடியால், எலும்பு முறிந்த விபத்து இது என்பதே அந்தப் பொலிஸ் புத்தகத்தில் ஏறாமல் இருக்கலாம். ‘வாகனங்களுக்குச் சேதம்’ என்று இரண்டு வரியோடு முடிந்துபோன எத்தனையோ விபத்துகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே போய் உங்கள் வாக்குமூலத்தைக் கொடுங்கள். ஏன் பிந்தியது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: சத்திரசிகிச்சை, பிளாஸ்டர். ‘சமாதானமாகப் போங்களேன்’ என்று அங்கேயே ஒருவர் சொல்வார். தலையாட்டிவிட்டு வாக்குமூலத்தைக் கொடுங்கள்.

எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை வருடம். ஆனாலும் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் தன் கை முறிந்த கதையைத் தன் மொழியில் எழுதுவிக்க, தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் எப்போது வேலைக்கு வருவார் என்று விசாரித்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருங்கள். முடியாவிட்டால் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், எழுதியதை வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம்’ என்பது ‘சிக்னலில் நிறுத்தினோம்’ என்று எழுதப்பட்டால், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அதைத் ‘திடீரென்று பிரேக் போட்டார்கள்’ என்று ஆக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். பிழை இருந்தால் திருத்திய பிறகுதான் ஒப்பம். இதற்கும் பெருவிரல் வைக்கச் சொல்வார்கள். வாசித்துக் காட்டிய பிறகு வையுங்கள், இது ஒன்றுக்கு வைக்கலாம்.

அங்கேயே சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைக் கேளுங்கள், உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அதோடு பெரியாஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். தனியார் வைத்தியசாலையின் டயக்னோசிஸ் கார்ட், சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, பின் எடுத்தது, எல்லாம் கையில் இருக்கட்டும். ஐந்து வாரம் கழித்துப் போவது நல்லதில்லைதான், ஆனால் முறிவும் தகடும் எக்ஸ்ரேயில் பொய் சொல்லாது. எலும்பு முறிந்தாலும் பல் உடைந்தாலும் தண்டனைச் சட்டக்கோவையின்படி அது கடுங்காயம். அப்படியொரு அறிக்கை இருந்தால், சாரதியின் குற்றம் சும்மா ஒரு தண்டப்பணத்தோடு கரைந்துபோவது கடினம். அவர் நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த வழக்கேட்டின் பிரதியை உங்கள் சட்டத்தரணி எடுத்து வைக்க வேண்டும். அந்த நாளில் நீதிமன்ற வாசலில் வைத்து யாராவது ஒரு தொகையும் ஒரு தாளும் நீட்டினால், மேலே பழங்களோடு வந்தவருக்குச் சொன்னதுதான் அவருக்கும்.

வீதியோரக் கடைகளின் கமராப் பதிவு இந்நேரம் அழிந்திருக்கும். இருந்தாலும் தம்பியை ஒரு நடை போய்க் கேட்கச் சொல்லுங்கள். காரைத் திருத்த முன் எடுத்த படங்கள் சேதத்தை மதிப்பிட்ட காப்புறுதி அசெஸரிடம் இருக்கும்.

சரி, பணக் கணக்கு. மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளை இன்றே ஃபோட்டோகொப்பி எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் ஒரு வெள்ளைத் துண்டைத்தான் நீட்ட வேண்டிவரும். மெடிக்கல் இன்சூரன்ஸுக்கோ, வீட்டில் அரச ஊழியர் இருந்து அக்ரஹார காப்புறுதிக்கோ மூலச் சீட்டுகளைக் கொடுப்பதென்றால், கொடுக்க முன் பிரதி எடுத்து, மூலம் எங்கே போனது என்று அதில் எழுதி வையுங்கள். கிளினிக் போய்வந்த ஆட்டோ காசு, சமைக்க வைத்த ஆளுக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் அன்றன்றைக்கு எழுதுங்கள். கை ஏலாதே, மகள் எழுதட்டும்.

வருமானத்துக்கு ரசீது இல்லை என்பது உங்கள் அடுத்த கவலையாக இருக்கும். உங்களிடம் ஒரு ஓடர் கொப்பி இருக்கும்தானே? கழுத்தளவு, கையளவு, திகதி, கூலி, பக்கத்தில் ஊசி குத்திய துணித் துண்டு. அதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். விபத்துக்கு முந்திய பக்கங்கள் நிறைந்திருக்கின்றன, அதற்குப் பின் வெறுமை. அந்த வெறும் பக்கங்களில் பால் கணக்கோ சீட்டுக் கணக்கோ எழுதாதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கை சரியாகி மறுபடி தைக்கத் தொடங்கினால் அடுத்த வெறும் பக்கத்தில் திகதி போட்டுத் தொடங்குங்கள். முந்திய வருடக் கொப்பி எங்காவது அலுமாரிக்குள் கிடந்தால் அதையும் எடுங்கள். சாரதிப் பக்கத்தார் ‘பெண்கள் பொழுதுபோக்குக்குத் தைப்பது’ என்று சொல்லத்தான் பார்ப்பார்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்துப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

இனி அந்தத் ‘தெரிந்தவர்’. யாருக்குத் தெரிந்தவர், எப்படித் தெரிந்தவர் என்று கேட்டீர்களா? விபத்து வார்டு வாசலிலும் நீதிமன்ற வளவிலும் திரிகிறவர்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: அடையாள அட்டைப் பிரதி, மூலப் பத்திரங்கள், வெள்ளைத் தாளில் ஒப்பம். அந்த வெள்ளைத் தாள்களில் ஒன்று நீங்கள் முகமே காணாத ஒரு சட்டத்தரணிக்கு உங்கள் வழக்கைப் பேச அதிகாரம் கொடுக்கும் ப்ரொக்ஸியாகும், ஒன்று உங்கள் பெயரில் இன்னொருவர் காரியம் பார்க்கும் அற்றோணித் தத்துவமாகும், ஒன்று நீங்கள் பார்க்காத பணத்துக்குப் பற்றுச்சீட்டாகும். நாலாவது எதற்கு என்று எனக்கும் தெரியாது, அது அவசரத்துக்கு வைத்திருப்பது. தரகர் வைத்து ஆள் பிடிப்பது சட்டத்தரணி ஒருவருக்குத் தொழில் ஒழுக்கக் கேடு. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நடக்கிறது, தட்டிக்கேட்க வேண்டியவர்கள் அதே வாசலால்தான் போய்வருகிறார்கள். 15 இலட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? உங்கள் எக்ஸ்ரேயையாவது பார்த்தாரா? சட்டத்தரணியை நீங்களே தேடுங்கள், கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள், கட்டியதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலப் பத்திரங்கள் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும், தேவையான அன்றைக்குக் கொண்டுபோனால் போதும். வசதி குறைவென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மகளின் விஷயம் கொஞ்சம் வேறு, அதைப் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் இதில்தான் தாய்மார் இரண்டு பக்கமும் தவறு விடுகிறார்கள். மகளுக்கு வயது 18 ஆகவில்லை. அதனால் அந்த இரண்டு வருடக் கணக்கு அவளுக்கு இப்போது ஓடத் தொடங்காது. 18 நிறைந்த பிறகுதான் ஓடும். அதாவது அவளுக்கு 20 வயது நிறையும்வரை இடம் இருக்கிறது. இது அவளுடைய வலிக்கும் அவளுடைய பல்லுக்கும் உள்ள சலுகை. உங்களுக்கு இல்லை. ‘மகளுக்குக் காலம் இருக்கிறதே, சேர்த்தே போடலாம்’ என்று நீங்கள் இருந்துவிட்டால் உங்கள் கைக்கான கோரிக்கை போய்விடும். அதேபோல மகளின் பல் வைத்தியருக்கு நீங்கள் கட்டிய காசு உங்கள் நட்டம், அதற்கு உங்கள் இரண்டு வருடம்தான். இன்னொரு பக்கம்: வளர்கிற பிள்ளைக்கு இப்போது தற்காலிகமாகத்தான் பல்லைக் கட்டுவார்கள், நிரந்தர வேலை வளர்ந்த பிறகு. அந்தச் செலவைப் பல் வைத்தியரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வைத்தால், உங்கள் மூலமாக அவளுக்கும் இதே வழக்கில் கேட்கலாம். நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆறு வருடம் கழித்து அந்தச் சாரதியை எங்கே தேடுவது? வழக்குப் போட்ட பிறகு பிள்ளையின் சார்பில் சமரசம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே வான்காரரின் கடிதத்தில் ‘எனக்கும் எனது மகளுக்கும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

அவர் மறுபடி வந்தால் தேநீர் கொடுங்கள், சண்டை வேண்டாம். வைத்தியர் முடிவு சொன்ன பிறகு சட்டத்தரணி மூலம் கடிதம் வரும் என்று சொல்லுங்கள். அப்புறம் கீழே போய், வானின் காப்புறுதிச் சான்றிதழையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் மகளைக் கொண்டு இரண்டு படம் எடுப்பியுங்கள். வான் அவர் பெயரில்தான் இருக்கிறதா, லீசிங் கம்பனியின் பெயரிலா, அல்லது ஓபின் பேப்பரில் வாங்கி இன்னும் பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே ஓடுகிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.