ஸ்கூட்டர் வாங்க முதல் திருத்துகிறவரைப் பாருங்கள்

கேள்வி: சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் பட்டினத்துக்கு நாளாந்தம் வேலைக்குப் போய் வருகிறேன். மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்க யோசனை. இங்குள்ள விலையைவிடக் குறைவாகத் தந்து, லொறியில் ஏற்றியும் விடுவதாகக் கொழும்புக் கடையொன்று சொல்கிறது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 60 கிலோமீற்றர் ஓடுமாம், இரண்டு வருட வாரண்டியாம். வாங்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இங்கேயே வாங்குங்கள். அதற்கும் முதல், அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ கிட்ட இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், எந்த விலைக்குத் தந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

எஞ்சினும் கியரும் இல்லாததால் மின்சார ஸ்கூட்டரில் பழுது குறைவு என்பது உண்மைதான். வருகிற பழுதுகளிலும் பல சின்னவை. பிரேக் பிடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிரேக் பிடித்தவுடன் மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை அது நிறுத்தும். அது ஒட்டிக்கொண்டால் விளக்கு எரியும், ஹோர்ன் அடிக்கும், எவ்வளவு முறுக்கினாலும் வண்டி மட்டும் நகராது. தெரிந்தவர் அந்த வயரைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரையே மாற்றச் சொல்வார். புறப்படும்போது உதறி உதறி இழுத்தால், சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டர் எந்த நிலையில் சுழல்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று ஹோல் சென்சர்களில் (Hall sensor) ஒன்று போயிருக்கலாம். சென்சர் மலிவு, மோட்டர் விலை. இங்கத்தைய உப்புக்காற்றில் வயர் பொருத்துகள் பச்சை பூத்துப்போவதும் வழக்கம்; பண்ணை, காரைநகர்ப் பக்கம் ஓடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தாண்டி வண்டியை அனுப்புவீர்களா? வாரண்டித் தாளைக் காசு கட்ட முதலே வாங்கி வாசியுங்கள். பற்றரிக்குத் தனியாக எத்தனை மாதம், ஏற்றுகூலி யார் தலையில், வெளியாள் கழற்றினால் வாரண்டி செல்லுமா என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்கவேண்டும்.

60 கிலோமீற்றர் கதையையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, 48 வோல்ற், 20 அம்பியர்-மணி பற்றரி என்றால் அதில் இருப்பது 960 வாற்-மணி. கிலோமீற்றருக்கு 25 வாற்-மணி செலவானால் 38 கிலோமீற்றர்தான் வரும். உங்களுக்குப் போய்வர 30க்கு மேல் வேண்டும். ஈயப் பற்றரி என்றால் புதிதில் சமாளிக்கும், பழசானபின் கைதடியிலோ நாவற்குழியிலோ இறங்கித் தள்ளவேண்டி வரும். வேலையிடத்தில் சார்ஜ் செய்ய வசதி இல்லையென்றால், கூடிய கொள்ளளவுள்ள லித்தியம் பற்றரி வண்டியாகப் பாருங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. அதை ஓட வைத்தது நம் கராஜ்காரர்களின் கைதான். அந்தத் தொழிலைப் பழகியவர்கள் இன்று மல்ரிமீற்றரும் கையுமாக மின்சார வண்டி திருத்துகிறார்கள். விலையில் மிச்சம் பிடிக்கிற காசைவிட அவர்கள் பக்கத்தில் இருப்பது பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்றில் மட்டும் கவனம்: லித்தியம் பற்றரியைப் பிரிப்பது எல்லாரும் செய்யக்கூடிய வேலையில்லை. பிழைத்தால் தீப்பிடிக்கும். அந்த வேலை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: என் ஸ்கூட்டரில் நான்கு ஈயப் பற்றரிகள். பாதி வழியில் சார்ஜ் இறங்கிவிடுகிறது. நான்கையும் மாற்றச் சொல்கிறார் விற்றவர். சரியா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: அளந்து பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். முழுதாகச் சார்ஜ் செய்து, வண்டி இழுக்கும்போது ஒவ்வொன்றின் வோல்ற்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று 12க்குக் கிட்ட நிற்க, ஒன்று மட்டும் 10.5க்குக் கீழே விழுந்தால் பழுது அதில்தான். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லையென்றால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். பழைய செற் என்றால் அவர் சொல்வது சரி. பழசுகளுக்கு நடுவே புதிது போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

வாரண்டி இருந்தும் தட்டிக்கழித்தால், பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. தாமதிக்கவேண்டாம்.