வானம் தோண்டும்போதே கேளுங்கள்: வீடு, மனை, அக்கம்பக்கத் தகராறுகள் – சட்டக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களைப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பிரச்சினை தொடங்கிய நாளுக்கும் என்னிடம் கேட்கும் நாளுக்கும் நடுவே பலருக்கு ஆண்டுக்கணக்கில் இடைவெளி. ‘பக்கத்து வீட்டுக்காரர்தானே, எதற்கு முகத்தை முறித்துக்கொள்வது’ என்று பொறுத்திருக்கிறார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மனை வழக்குகளில் பொறுத்திருந்த நாட்களையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்கும். அதனால் பதில்களில் கால அளவுகளை அழுத்தியே சொல்கிறேன்.

பத்திரத்தில் என் மனையின் அகலம் 40 அடி. டேப் வைத்துப் பார்த்தால் 39 அடிதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவருக்கு வானம் (அடித்தளக் குழி) தோண்டியிருக்கிறார். காவல் நிலையத்தில் ‘இது சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுவர் எழுப்பினால் நானே இடித்துவிடலாமா?

கடப்பாரையைத் தொடாதீர்கள். இடம் உங்களுடையதாகவே இருந்தாலும், அவர் கட்டிய சுவரை நீங்கள் இடித்தால் கிரிமினல் புகார் உங்கள் மீதுதான் வரும். எல்லை யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் துறைக்குக் கிடையாது. அவர்கள் சொன்னது சரி.

முதலில் அந்த ஓரடி உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள். டேப்பை எங்கிருந்து பிடித்தீர்கள்? பெரும்பாலும் இரண்டு சுவர்களின் உள்முகத்துக்கு நடுவே அளந்துவிடுகிறோம். மறுபக்கம் இருக்கும் பழைய 9 அங்குலச் சுவர் உங்கள் நிலத்துக்குள் நின்றால், முக்கால் அடி அங்கேயே கணக்காகிவிடும். அளவு எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்லுக்கு இருக்க வேண்டும். கல் மண்ணில் புதைந்திருக்கலாம். இரண்டு தரப்பும் நிற்கும்போது தோண்டிப் பாருங்கள்.

அப்புறம், நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். சர்வேயர் புலப்படத்தை, அதாவது எஃப்எம்பி-யை வைத்து அளந்து அத்துக்காட்டுவார், அதாவது எல்லையைக் காட்டுவார். உங்களுடையது உட்பிரிவு ஆகாத, அதாவது தனித்தனியாகப் பிரிக்காமல் பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால் அந்தப் படத்தில் உங்கள் மனையின் கோடே இருக்காது. அப்போது உட்பிரிவுக்கும் சேர்த்து மனுக் கொடுக்க வேண்டும்.

அவருடைய பத்திரத்தின் நகலையும் பதிவுத் துறையில் விண்ணப்பித்து வாங்கிப் படியுங்கள். பத்திரத்தில் எழுதிய அளவும் நான்கெல்லையும் (நான்கு பக்கமும் யார் இடம், என்ன இருக்கிறது என்ற விவரம்) ஒத்துப்போகாதபோது, நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையைத்தான் முதலில் பார்க்கும். ‘40 அடி என்று எழுதியிருக்கிறதே’ என்பது மட்டும் போதாது.

அளவில் குறைவு உறுதியானால் உடனே வக்கீல் நோட்டீஸ், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை மனு. உரிமைமூலத்தையே, அதாவது இடம் உங்களுக்குச் சொந்தம் என்பதையே அவர் மறுத்தால், வெறும் தடையாணை மட்டும் கேட்காமல் உரிமை விளம்புகையும் (இடம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நேரில் பார்த்து அளந்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் மனுப் போடுங்கள். வானம் தோண்டிய நிலையில் நிறுத்துவது எளிது. சுவர் எழும்பிவிட்டால் அதை அகற்றச் செயலுறுத்தும் கட்டளை கேட்க வேண்டிவரும். அது கடினமான வழக்கு. 12 ஆண்டுகள் கடந்துவிட்டால் எதிரிடை அனுபவம், அதாவது ‘இத்தனை காலம் என் கையிலேயே இருந்ததால் எனக்கே சொந்தம்’ என்று அவர் வாதிடவும் வழி பிறக்கும். இன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். 60 அடி நீளச் சுவரில் ஓரடி என்றால் 60 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடிதான். விட்டுவிடக்கூடிய இடம் இல்லை அது.

25 ஆண்டுகளாக எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளிச்சம் வரும் பக்கத்தில் இப்போது மாடி எழுப்புகிறார்கள். தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரு வரம்புக்குள். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி (வெளிச்சம், பாதை போன்று அடுத்தவர் நிலத்தின் மேல் உங்களுக்குள்ள உரிமைகளைச் சொல்லும் சட்டம்), ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் இடையூறில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால், அதை உரிமையாகவே கோரலாம். ஜன்னல் 20 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்குப் பழைய கட்டட வரைபடம், வீட்டு வரி ரசீது, அந்த அறையில் எடுத்த குடும்பப் போட்டோ எல்லாமே உதவும். ஒரு வழக்கில், தொட்டில் போட்ட நாளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தில் பின்னால் தெரிந்த ஜன்னல் கம்பிதான் எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்பதற்காக வழக்கு நிற்காது. கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும்: வீட்டின் மதிப்பு குறைவது, பகலிலும் விளக்குப் போடாமல் அறையில் புழங்க முடியாமல் போவது போன்றவை. ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சி மறைந்துபோனது என்று கேட்க முடியாது. திறந்த முற்றத்துக்கு, காலி மனைக்கு வரும் வெளிச்சத்துக்கும் இந்த 20 ஆண்டு விதி பொருந்தாது.

காலக் கணக்கு இங்கே ரொம்ப முக்கியம். தடை வந்தது தெரிந்தும் ஓராண்டு நீங்கள் ஒத்துப்போய்விட்டால், உங்கள் 20 ஆண்டுத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வகுத்திருக்கின்றன. அவருடைய அனுமதி வரைபடத்தின் நகல் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். வரைபடத்தில் விட்ட இடம் தரையில் இல்லையென்றால், அந்த அலுவலகத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்கள் ஜன்னல் 5 ஆண்டு பழையதாக இருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. மட்டை ஓட்டின் மேல் விழுகிறது.

உங்கள் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மட்டையையும் கிளையையும் எல்லைக்கோடு வரை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. அவர் இடத்துக்குள் போய் வெட்டக் கூடாது. முதலில் சொல்லிவிட்டு, முடிந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். காய் உங்கள் பக்கம் விழுந்தாலும் மரத்துக்காரருக்குச் சொந்தம். மரமே விழும் நிலையில் இருந்தால், போட்டோவோடு பதிவுத் தபாலில் எச்சரித்து வையுங்கள். பிறகு சேதம் நடந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாது.

எங்கள் இடம் பள்ளம். மேட்டில் உள்ளவரின் மழைத்தண்ணீர் முழுக்க எங்கள் வாசலுக்கு வருகிறது. மேடு கட்டி அடைத்தால் சண்டைக்கு வருகிறார்.

இரண்டு தண்ணீரையும் பிரித்துப் பாருங்கள். மேட்டு நிலத்தில் இயற்கையாகப் பெய்து தானாக வழிந்துவரும் மழைநீரைப் பள்ளத்து நிலம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதை அடைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்து உங்கள் பக்கம் திருப்பிவிட்டாலோ, சன்ஷேடு உங்கள் எல்லைக்கு மேலே நீண்டு அதிலிருந்து கொட்டினாலோ, அது இயற்கையான ஓட்டம் ஆகாது. அந்தக் குழாயைத் திருப்பச் சொல்லிக் கேட்கலாம். அதையும் 20 ஆண்டுகள் விட்டுவைத்தால், அவருக்கு உரிமையாக மாறும் வாய்ப்பு உண்டு. கழிவுநீர் என்றால் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் நேரடியாகப் புகார் கொடுங்கள்.

பக்கத்து மனையில் தரைக்கீழ்த் தளத்துக்காக ஜேசிபி வைத்து எங்கள் சுவரை ஒட்டியே தோண்டினார்கள். வீட்டில் விரிசல் விட்டுவிட்டது.

படித்ததும் வருத்தமாக இருந்தது. பக்கத்து மண் உங்கள் நிலத்தைத் தாங்கி நிற்பது உங்கள் இயற்கை உரிமை. ஆனால் சட்டம் இதில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது. அந்த உரிமை வெறும் நிலத்துக்குத்தான். வீட்டின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும் உரிமை, வீடு 20 ஆண்டுகள் அப்படி நின்றால்தான் வரும். வீடு புதிதாக இருந்தாலும் கைவிரித்துவிட வேண்டாம். தடுப்பு இல்லாமல், அடித்தளத்தை ஒட்டி அஜாக்கிரதையாகத் தோண்டியதற்கு இழப்பீடு கேட்கலாம்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து வாரம் ஒருமுறை போட்டோ எடுங்கள். விரிசல் வளர்கிறதா, எப்போது வளர்ந்தது என்று இது காட்டும். கட்டமைப்புப் பொறியாளரை வைத்து ஓர் அறிக்கை வாங்குங்கள். பூசி மறைத்துவிடாதீர்கள், உங்கள் சாட்சியே அதுதான்.

மாமனார் காலத்தில் இரக்கப்பட்டு, எங்கள் கொல்லை வழியாகப் பின்வீட்டாரைப் போகவிட்டோம். இப்போது ‘35 வருடமாக நடக்கிறோம், எங்கள் பாதை’ என்கிறார்கள்.

அனுமதி கொடுத்து நடந்தது எத்தனை ஆண்டானாலும் உரிமையாக மாறாது. உரிமை என்றே கருதி, வெளிப்படையாக, யாரையும் கேட்காமல் 20 ஆண்டுகள் நடந்திருந்தால்தான் பாதை உரிமை வரும். சிக்கல் எங்கே வருமென்றால், மாமனார் அனுமதி கொடுத்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? வாசல் கதவின் பூட்டு உங்களிடமே இருந்ததா, விசேஷ நாட்களில் மூடினீர்களா, அவர்கள் கேட்டுத் திறந்தார்களா என்று யோசித்து, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஒன்று கவனியுங்கள்: இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே சொத்தாக இருந்து பாகம் பிரிந்து, அவர்களுக்கு வேறு வழியே இல்லை என்றால், தேவையின் அடிப்படையில் அவர்களுக்குப் பாதை கிடைக்கலாம். பாகப் பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வெளியூரில் வேலை. திரும்பிப் போனால், என் காலி மனையில் வேலி போட்டு ஆளை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கையிலிருந்த மனையிலிருந்து சட்டப்படி அல்லாமல் வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமைமூலத்துக்குள் போகாமல் சுவாதீனத்தை (இடம் உங்கள் கைவசம் இருந்ததை) மட்டும் காட்டி இடத்தைத் திரும்பக் கேட்கலாம். அது கடந்துவிட்டால் உரிமைமூலத்தை நிரூபித்து நடத்தும் நீண்ட வழக்குதான். எந்த நாளில் வேலி வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, வழக்கறிஞரிடம் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

நான் தனியாக இருக்கும் வயதான பெண். வழக்கு நடத்தக் கையில் பணம் இல்லை.

அம்மா, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அல்லது உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டாரும் பேச வந்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே ஆகும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புக்கான மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. ஆகவே புரியாத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்; படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது பத்திர நகல், பட்டா, கடைசி வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள். மூலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.