விம்: வினை முன்னால், பெயர் பின்னால்

வணக்கம் சேர்,

வந்தாறுமூலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். சேர்வரில் வேலை செய்வதற்கு விம் என்ற எடிட்டரைப் பழகச் சொல்கிறார்கள். திறந்தால் ரைப் பண்ண முடியவில்லை. எழுத்துக்கள் தன்பாட்டில் அழிகின்றன. வெளியே வரவும் தெரியவில்லை. கட்டளைப் பட்டியல் ஒன்றைப் பாடமாக்கியும் இரண்டு கிழமையாக முன்னேற்றமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

— வாசகி, ஏறாவூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். விம் திறக்கும்போது கட்டளை நிலையில் இருக்கும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதற்கு ஓர் உத்தரவு. எழுத்துக்கள் அழிவது அதனால்தான். ஐ தட்டினால் எழுதலாம், எஸ்கேப் தட்டினால் கட்டளை நிலைக்குத் திரும்பலாம். சேமிக்காமல் வெளியேற எஸ்கேப், கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமித்து வெளியேற எஸ்கேப், கோலன், டபிள்யூ, கியூ, என்டர். முதல் நாளைக்கு இது போதும்.

மறுநாள் டெர்மினலில் விம்டியூட்டர் என்று அடியுங்கள். அரை மணி நேரப் பாடம். வாசித்துக்கொண்டு போகாமல் ஒவ்வொரு பயிற்சியையும் கையால் செய்யுங்கள். திறப்பது ஒரு பிரதிதான், எதுவும் பழுதாகாது. உபுண்டுவில் அந்தக் கட்டளை இல்லையென்றால், உங்களிடம் இருப்பது விம்மின் சுருக்கப் பதிப்பு. முழு விம்மை நிறுவினால் வந்துவிடும்.

இனித்தான் முக்கியமான இடம். விம்முக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. நாம் 'சொல்லை அழி' என்போம். அங்கே வினை முன்னால் வரும். டி என்றால் அழி, சி என்றால் அழித்து எழுது, வை என்றால் பிரதி எடு. டபிள்யூ ஒரு சொல், டொலர் குறி வரியின் முடிவுவரை. டி டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும், டி டொலர் வரியின் மிச்சத்தை அழிக்கும். மேற்கோளுக்குள் இருப்பதை மாற்ற சி, ஐ, மேற்கோள்குறி; வினைக்குப் பின் வரும் இந்த ஐ 'உள்ளே' என்று பொருள்படும். மூன்று வினையும் நான்கு பெயரும் தெரிந்தால் பன்னிரண்டு கட்டளை கையில் இருக்கிறது. பட்டியலில் அவை பன்னிரண்டு தனி வரிகள். கடைசி மாற்றத்தைத் திரும்பச் செய்ய ஒரு முற்றுப்புள்ளி போதும்.

எச், ஜே, கே, எல் ஏன் அம்புக்குறி வேலை செய்கின்றன என்று பலர் கேட்பார்கள். 1976இல் பில் ஜோய், விம்முக்கு முன்னோடியான வீஐ எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளில்தான் அச்சிடப்பட்டிருந்தன. 1991இல் வெளிவந்த விம்மும் அதையே எடுத்துக்கொண்டது.

இனி, எங்கெங்கே பிழை வரும் என்பது. கெப்ஸ் லொக் விழுந்திருந்தால் கீழே இறக்கும் ஜே, இரண்டு வரிகளை ஒட்டிவிடும். தமிழ் விசைப்பலகை போட்டிருந்தால் கட்டளை நிலையில் எதுவும் வேலை செய்யாது. எஸ்கேப்புக்கு முன் ஆங்கிலத்துக்கு மாறுங்கள். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் எஸ் தட்டினால் பல டெர்மினல்களில் திரை உறைந்துவிடும், கண்ட்ரோல் கியூ விடுவிக்கும். கடைசி மாற்றத்தை நீக்க யூ தட்டி, ஒரு பந்தி முழுக்கப் போய்விட்டால் பயப்பட வேண்டாம்: ஐக்கும் எஸ்கேப்புக்கும் இடையில் எழுதியதெல்லாம் அதற்கு ஒரே மாற்றம். கண்ட்ரோல் ஆர் திருப்பித் தரும். ஒவ்வொரு வரி முடிவிலும் எஸ்கேப் தட்டப் பழகினால் இழப்பு சிறிதாகும்.

கரண்ட் போய் றவுட்டர் நின்று, சேர்வர் தொடர்பு அறுந்தாலும் வேலை பெரும்பாலும் தப்பும். 200 எழுத்துக்கு ஒரு தடவை, அல்லது கை 4 செக்கன் ஓய்ந்தால், விம் ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கிறது. மறுபடி திறக்கும்போது நீண்ட எச்சரிக்கை வரும். ஆர் தட்டி மீட்டு, சரிபார்த்து, சேமித்து வெளியேறுங்கள். மீண்டும் திறந்தால் அதே எச்சரிக்கை வரும். அப்போது டி தட்டிப் பழைய ஸ்வாப்பை அழியுங்கள். சேமிப்பதற்கு முன் டி தட்டினால் மீட்க ஒன்றும் இருக்காது.