வாசகர் கேள்விகள்: தூது சென்ற சிறுவனும் பிரபுவின் மாளிகையும்

ஜோசப் லோசி இயக்கிய ‘தி கோ-பிட்வீன்’ (1971) திரைப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்புக்கு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி (மதுரை வாசகர்): படம் முழுவதும் எல்லோரும் ஒருவரோடொருவர் மரியாதையாகவே பேசுகிறார்கள். அதட்டலும் இல்லை, அடியும் இல்லை. இதை வர்க்க வேறுபாட்டைப் பேசும் படம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: அந்த மரியாதையின் வழியாகத்தான் படம் அதைப் பேசுகிறது. படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1900ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஒரு பெரிய மாளிகைக்கு, பள்ளித் தோழன் மார்கஸின் விருந்தாளியாக லியோ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் வருகிறான். மார்கஸின் அக்காள் மரியனுக்கும், குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் டெட் பர்ஜெஸுக்கும் இடையே கடிதம் சுமக்கும் வேலை அவன் தலையில் விழுகிறது. மரியனின் தாயோ மகளை டிரிமிங்காம் பிரபுவுக்கு மணமுடித்து வைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லியோ ஏழை அல்லன். ஆனால் அவனுடைய விதவைத் தாயிடம் பெரிய வசதியும் இல்லை. கொளுத்தும் வெயிலில் தடித்த கம்பளிக் கோட்டுடன் அவன் வியர்த்து வழிகிறான். மெல்லிய கோடை உடை வீட்டில் இருக்கிறது, எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று பொய் சொல்கிறான். அப்படி ஓர் உடை அவனிடம் இல்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. யாரும் அதைச் சொல்வதில்லை, கொஞ்சம் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பிறகு மரியன் அவனை நார்விச் நகருக்கு அழைத்துச் சென்று பச்சை நிற உடை ஒன்றை வாங்கித் தருகிறாள். பையன் பூரித்துப் போகிறான். அன்றைக்கே அவன் அவளுக்குக் கடன்பட்டவனாகியும் விடுகிறான்; பின்னாளில் கடிதத்தைக் கொண்டுபோக அவன் தயங்கும்போது, அந்தக் கடனை வசூலிக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. படத்துக்கு மூலமான எல். பி. ஹார்ட்லியின் நாவலில் இன்னொரு இடம் உண்டு: கழற்றிய உடையை மடித்து நாற்காலியில் வைக்கக் கூடாது, விழுந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும், எடுத்து வைக்கத்தானே வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று மார்கஸ் தன் நண்பனுக்குப் பாடம் சொல்கிறான். தாய் சொல்லிக் கொடுத்த ஒழுங்கே அந்த வீட்டில் அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

திரைக்கதை எழுதிய ஹரால்ட் பின்டர், கிழக்கு லண்டனின் ஹாக்னியில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் என்பதை இந்த உடைக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): காதல் கதைக்கு நடுவே அந்தக் கிரிக்கெட் ஆட்டம் எதற்காக? கதையை அது நிறுத்தி வைப்பதாகவே எனக்குத் தோன்றியது.

பதில்: எனக்கு அதுதான் படத்திலேயே மிகச் சிறந்த பகுதி. மாளிகை அணியும் கிராமத்து அணியும் ஆண்டுக்கு ஒரு முறை மோதும் ஆட்டம் அது. அன்று ஒருநாள் மட்டும் இரு தரப்பும் ஒரே புல்வெளியில் நிற்கலாம், ஒருவரை ஒருவர் ஆட்டமிழக்கச் செய்யலாம். மாலையில் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். டிரிமிங்காம் பயிற்சி பெற்றவருக்குரிய நேர்த்தியோடு ஆடுகிறார். டெட் மட்டையை முழு வலுவோடு வீசுகிறான். மாற்று ஆட்டக்காரனாகக் களமிறங்கும் லியோ, டெட் அடித்த பந்தைப் பிடித்து அவனை வெளியேற்றுகிறான். தான் விரும்பும் மனிதனைத் தன் கையாலேயே வீழ்த்திவிட்ட சிறுவனுக்கு மாளிகை கைதட்டுகிறது. பின்னால் வரப்போவதற்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு வேண்டியதில்லை.

இங்கிலாந்துக் கிரிக்கெட்டுக்கும் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி இன்னும் கனமாகத் தெரியும். ஊதியம் பெறாமல் ஆடும் கனவான்களுக்கும் ஊதியத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான போட்டி 1806இல் தொடங்கி 1962 வரை நடந்தது. இரு சாராருக்கும் உடை மாற்றும் அறைகள் தனித்தனி. ஸ்கோர் அட்டையில் கனவானின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னும், தொழில்முறை ஆட்டக்காரரின் தலைப்பெழுத்துகள் பெயருக்குப் பின்னும் அச்சாகும். லார்ட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் தொழில்முறை வீரரின் பெயர் கனவான் பாணியில் அச்சாகிவிட்டதால், ஒலிபெருக்கியில் அதைத் திருத்தி அறிவித்தார்கள் என்பது கிரிக்கெட் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. வேறுபாட்டை ஒழித்த 1962க்கும் இந்தப் படம் வெளிவந்த ஆண்டுக்கும் நடுவே ஒன்பதே ஆண்டுகள்தான். அன்றைய ஆங்கிலப் பார்வையாளர்களில் பலருக்கு அது பழங்கதை அல்ல.

ஆட்டம் முடிந்த இரவு விருந்தையும் கவனியுங்கள். டெட் பாட எழுகிறான். பியானோ வாசிக்க ஆளில்லாததால் மரியன் போய் அமர்கிறாள். ஊரே பார்த்திருக்க அவர்கள் இருவரும் அருகருகே இருக்கும் இடம் இது ஒன்றுதான். களத்தில் அத்தனை துணிச்சலாக ஆடியவன் இங்கே கூச்சத்தில் நெளிகிறான்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): டிரிமிங்காம் பிரபுவை வில்லன் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. எட்வர்ட் ஃபாக்ஸ் நடித்திருக்கும் அந்த மனிதர், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் முகம் சிதைந்து திரும்பியவர். லியோவிடம் மற்றவர்களைவிட அன்பாக இருப்பவரும் அவரே. மாளிகை அவருடையது, ஆனால் அதில் வாழும் அளவுக்கு அவரிடம் பணம் இல்லை. லண்டன் வங்கித் தொழிலில் பொருளீட்டிய மாட்ஸ்லி குடும்பத்துக்கு, அதாவது மார்கஸ், மரியனின் குடும்பத்துக்கு, அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். இது கற்பனைக்காகச் செய்த ஏற்பாடு அன்று. 1870களிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவியவே, நார்ஃபோக் போன்ற கோதுமை விளையும் பகுதிகளில் குத்தகை வருமானம் சரிந்து, பழைய நிலவுடைமைக் குடும்பங்கள் பல நொடித்தன. பட்டம் உள்ளவரிடம் பணம் இல்லை, பணம் உள்ளவரிடம் பட்டம் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்கும் பாலமாக மரியனைத் தாய் தேர்ந்தெடுத்திருக்கிறாள். டெட் உழும் நிலமும் அதே பிரபுவினுடையதுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் காதலுக்கு எத்தனை பக்கம் சுவர் என்பது விளங்கும். தவறு நேர்ந்தாலும் சீமாட்டியின் மேல் ஒருபோதும் குற்றம் இல்லை என்று அவர் சிறுவனுக்குச் சொல்லித் தருகிறார். பெருந்தன்மையான கொள்கைதான், ஆனால் குற்றம் யாரையாவது சேர்ந்தாக வேண்டுமே, அது கடைசியில் டெட்டின் தலையில் இறங்குகிறது.

கேள்வி (சேலம் வாசகர்): அமெரிக்கர் ஒருவர் இத்தனை ஆங்கிலத்தன்மை கொண்ட படத்தை எடுத்தது எப்படி?

பதில்: இடதுசாரி என்று ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 1950களில் இங்கிலாந்தில் குடியேறியவர் லோசி. வெளியிலிருந்து வந்தவர் என்பதாலேயே, உள்ளூர்க்காரர்கள் இயல்பென்று விட்டுவிடும் சடங்குகள் அவர் கண்ணில் பட்டிருக்கலாம். பின்டருடன் அவர் செய்த மூன்றாவது படம் இது. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அவ்வாண்டின் முதல் பரிசைப் பெற்றது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): எல். பி. ஹார்ட்லியின் நாவலை முதலில் படிக்க வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. 1953இல் வெளிவந்த அந்த நாவல், முதியவரான லியோ தன் பழைய நாட்குறிப்பைக் கண்டெடுப்பதில் தொடங்குகிறது. படமோ முதுமைக் காலத்தின் மங்கிய துணுக்குகளைக் கோடைக் காட்சிகளுக்கிடையே விளக்கமின்றிச் செருகுகிறது. முதல்முறை பார்க்கும்போது குழப்பம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): முதிய மரியன் இறுதியில் லியோவிடம் பேசுவதைக் கேட்டபோது இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் தவறாகப் புரிந்துகொண்டேனா?

பதில்: சரியாகவே புரிந்துகொண்டீர்கள். உறவு வெளிப்பட்டதும் டெட் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறான். மரியன் டெட்டின் குழந்தையைச் சுமந்தபடியே டிரிமிங்காமை மணந்து பிரபுவின் மனைவியாகிறாள். அதிர்ச்சியில் உறைந்துபோன சிறுவன் வாழ்நாள் முழுதும் தனியனாகவே இருந்துவிடுகிறான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவனை வரவழைத்து, எங்கள் காதல் எவ்வளவு அழகானது என்று என் பேரனிடம் போய்ச் சொல் என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, மனமார நம்பித்தான் சொல்கிறாள். ஆனால் அந்தக் கோடை லியோவை என்ன செய்தது என்பதை அவளால் பார்க்க முடியவில்லை. அவன் முகத்தில் ஈரமே இல்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த தூதுக்கு அனுப்புகிறாள். பட்டுச் சட்டைக்காரர்களுக்காக நடப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள் என்ற எண்ணம், இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் அவளிடம் அப்படியே இருக்கிறது. அவளுக்காகப் படம் இரக்கம் கேட்பதாக நான் நினைக்கவில்லை.